மீசைப் பொம்மைக்குக் கமிஷன் இல்லை

காலைச் சித்த அக்கட்ட நகத்துங்க தம்பி. உங்க காலை இல்லைங்க, இவன் காலை. பாதம் உங்க பையில இடிக்குது பாருங்க. பிடிச்சே தள்ளலாம், ஒண்ணும் பண்ண மாட்டான், ஃபைபர்தான். நிக்கற பொம்மைங்க இது, மடங்காது. அதனாலதான் உக்கார வைக்க முடியாம சாய்ச்சு வெச்சிருக்கேன். ஆங், இப்பச் சரி.

பாக்க ஆளாட்டமே இருக்குதுங்களா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. திருப்பூர்ல ஏறினதும் கண்டக்டரே, "உங்களுக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு"ன்னு ரெண்டு டிக்கெட்டைக் கிழிச்சுட்டாரு. "ஏனுங்க, இது பொம்மைங்க"ன்னு சொன்னா கிட்ட வந்து பாத்தாரு, மூஞ்சி செவந்து போச்சு. "பொம்மைன்னா லக்கேஜ், மேல தூக்கிப் போடு. சீட்டுல உக்காந்தா பயணி"ங்கறாரு. மேல போட்டா மூக்கு போயிருமுங்க. மூக்கு போனா நாகர்கோவில்காரர் வாங்கிக்க மாட்டாரு. சரி, கிழிச்ச டிக்கெட்டு கிழிச்சதாவே இருக்கட்டும்னு உட்டுட்டேன்.

நாகர்கோவிலுக்குத்தானுங்க போறேன். இவனைக் குடுத்துட்டு என்ற மச்சினனை வாங்கிட்டு வரோணும்.

சிரிக்காதீங்க தம்பி. எங்கூட்டுக்காரி எங்கிட்டப் பேசி ரொம்ப நாளாச்சு. சோறு போடறா, பேச மாட்டேங்கறா. "பொம்மையைக் குடுத்துட்டு என் தம்பியைக் கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா ஊட்டுக்குள்ள வராதீங்க"ன்னு நேத்துத்தான் வாயைத் திறந்தா. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. மதுரை தாண்டிப் போறவருங்களா? அப்ப நேரமிருக்குது.

என்ற பேரு சென்னியப்பனுங்க. ஜவுளிக்கடை வாசல்ல சட்டை மாட்டி நிக்க வைக்கறாங்களே, அந்தப் பொம்மை செய்யறது நம்ம தொழில். ஊட்டுக்குப் பின்னால ஒரு ஷெட்டு. அச்சுல ஊத்தி எடுத்து, தேச்சு, பெயிண்ட் அடிச்சு, கண்ணெழுதினா ஆச்சு. முன்னெல்லாம் கடைக்காரங்க நேரா வந்து எடுத்துட்டுப் போவாங்க. அப்புறம் எங்கூட்டுக்காரி வசந்தாமணி இருக்காளே, அவதான், "ஊரே போன்ல வாங்குது, நாமளும் போன்ல விப்போம்"னு சொல்லி அந்தக் கம்பெனி ஆப்புல ஒரு கடை ஆரம்பிச்சா. கம்பெனி பேரு எதுக்குங்க, எல்லாம் ஒண்ணுதான்.

வியாபாரம் நடந்ததுங்க, இல்லைன்னு சொல்லக் கூடாது. கொல்லத்துக்குப் போச்சு, குண்டூருக்குப் போச்சு. ஆனா அவங்க எடுக்கற எடுப்பு இருக்குதே! கமிஷன்னு ஒண்ணு. சரி, கடை அவங்க கடை, எடுக்கட்டும். அப்புறம் காசை வசூல் பண்ணிக் குடுத்ததுக்கு ஒரு ஃபீஸ். என்ற காசு தம்பி! என்ற காசை என்ற கையில குடுக்கறதுக்கு எங்கிட்டயே ஃபீஸு. அப்புறம் நிலையான கட்டணம்னு ஒண்ணு. எதுக்குடா இதுன்னு போன் போட்டுக் கேட்டா, "அது நிலையானதுங்க சார்"ங்கறான். கொண்டுபோற கூலி தனி. பொம்மைக்கு எடையே கிடையாதுங்க, ஒத்தைக் கையில தூக்கலாம். அவங்க என்ன பண்றாங்க, நீளத்தை அளந்து அதை எடையா மாத்திக்கறாங்க. இதுக்கெல்லாம் மேல ஜிஎஸ்டி. பொம்மைக்கு இல்லைங்க, ஃபீஸுக்கு!

திருப்பி அனுப்பறவங்க வேற. ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் ஒரு பொம்பளைப் பொம்மையை வாங்கி, ஒரு வாரம் வெச்சிருந்து திருப்பி அனுப்பிச்சாரு. காரணம்னு போடற இடத்துல என்ன போட்டிருந்தாரு தெரியுங்களா? "முறைக்கிறது." முறைச்சதுக்குப் போகவரக் கூலி என்ற தலையில.

வசந்தாமணி எதுக்குமே அலட்டிக்க மாட்டா. "அவங்க இல்லைன்னா ராஜபாளையத்துக்காரனுக்கு உங்களை எப்படித் தெரியும்? அவினாசி ரோட்டுல நின்னு கூவினா அவனுக்குக் கேக்குமா? வாடகைன்னு நினைச்சுக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க"ம்பா. ஆர்டர் பாக்கறது, பேக்கிங் பண்றது, கணக்கு எழுதறது எல்லாம் அவதானுங்க. ஆனா வியாபார நுணுக்கம் புரியாது பாருங்க.

நான் ரோசனை பண்ணினேன். வாங்கறவனும் விக்கறவனும் நேராப் பேசிக்கிட்டா நடுவுல எவனுக்கும் அழ வேண்டியதில்ல. அவனுக்குக் கொஞ்சம் குறைச்சுக் குடுக்கலாம், நமக்கும் கொஞ்சம் நிக்கும். என்ற போன் நம்பர் அவன் கைக்குப் போயிட்டாப் போதும்.

எங்க போகுது? ஆப்புல நம்பரை அடிச்சா வெறும் நட்சத்திரமா விழுகுது. ஒன்பது எட்டுன்னு எழுத்துல அடிச்சேன். அதையும் மோப்பம் பிடிச்சு, "எச்சரிக்கை, இன்னொரு தடவை செய்தால் கடை மூடப்படும்"னு வந்துருச்சு. படத்துல எழுதி அனுப்பினா படத்தையே தூக்கிட்டான். அங்க ஆள் உக்காந்து பாக்கறதில்லையாம், மெஷின்தான் பாக்குதாம். மெஷினுக்கு எழுத்துத் தெரியும், எண்ணு தெரியும். விரல் தெரியுமா?

அங்கதானுங்க பொறி தட்டுச்சு. போன் நம்பருக்குப் பத்து எண்ணு. பொம்மையைப் பத்துப் படம் எடுக்கறோம். முதல் படத்துல பொம்மை ஒன்பது விரலைக் காட்டுது, அடுத்ததுல எட்டு விரல், சைபர்னா மூடின கை. பாக்கற மனுசனுக்குப் புரியும், மெஷினுக்குப் புரியாது. எப்படி?

ஆனா நம்ம பொம்மைக்கு விரல் மடங்காதே. அச்சுல ஊத்தினது ஊத்தினதுதான். பத்து மாதிரிக் கைக்குப் பத்து அச்சுப் போட்டா அது கமிஷனுக்கு மேல ஆயிரும். அப்பத்தான் திரும்பிப் பாத்தேன், ஷெட்டு வாசல்ல சிகாமணி நின்னுட்டிருந்தான்.

தெய்வசிகாமணின்னு பேரு. வசந்தாமணியோட கடைசித் தம்பி. தங்கமான பையன்தான், ஆனா ஒரு வேலை செய்ய மாட்டான். பனியன் கம்பெனியில விட்டோம், செல் கடையில விட்டோம். எங்க விட்டாலும் ரெண்டு நாள்ல அனுப்பிருவாங்க. கேட்டா, "சும்மா நிக்கறானுங்க"ம்பாங்க. உண்மைதானுங்க. நிப்பான். கண்ணைக்கூட ரொம்ப நேரம் சிமிட்ட மாட்டான். சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடினா நடு வாசல்லயே நிப்பானாம், ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்களாம். அக்காக்காரி மட்டும், "அவன் நிதானமானவன்"னு தாங்குவா. ஆள் நல்ல உயரம், நல்ல மீசை. இந்தா, இவனுக்கு இருக்கே, இதே மீசை.

"மாப்ளே, சித்த நேரம் பொம்மையா நில்லு"ன்னேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. தேங்காயெண்ணெயில முகப்பவுடரைக் குழைச்சு மூஞ்சி, கை, கழுத்தெல்லாம் பூசினேன். ஒரு கோடு போட்ட சட்டையை மாட்டிவிட்டேன். நின்னான் பாருங்க, நான் செஞ்ச பொம்மைங்க பூராவும் அவனைப் பாத்து வெக்கப்படணும், அப்படி நின்னான்! பத்துப் படம், பத்து விரல் கணக்கு. ஆப்புல ஏத்திட்டு அடியில "விரல்களைக் கவனித்து வாங்கவும்"னு ஒரு வரி போட்டு விட்டேன்.

ஒரு போனும் வரலைங்க.

என்னடான்னு நானே ஆப்பைத் திறந்து, படத்துல இருக்கற விரலைப் பாத்துப் பாத்து நம்பரை அமுத்தினேன். என்ற போனு அடிக்கலை. எங்கயோ மணி அடிக்குது! பட்டுக்கோட்டையில ஒரு பெரியவர் எடுக்கறாரு. அவரு கல்யாணத் தரகருங்க.

"பொம்மை விஷயமாங்க..."ன்னு நான் இழுக்கறேன். "வாங்க தம்பி, நீங்களுமா? என்னமோ நேத்திலேருந்து எல்லாரும் இதையே கேக்குறாங்க. மீசை வச்ச ஆம்பளை, உயரமா, செவப்பா, அசையாம நிக்கணும்ங்கிறாங்க. நானும் ரெண்டு பேருக்குப் பேராவூரணி வரன் ஒண்ணைச் சொல்லியிருக்கேன். உங்களுக்கு எப்ப வேணும்?"னு கேட்டாரு. "எத்தனை நாள்ல டெலிவரின்னு ஒருத்தர் கேட்டாரு தம்பி, மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. மாப்பிள்ளைய அப்பிடியா பேசுறது?"ன்னும் சொல்லி வருத்தப்பட்டாரு.

அப்புறந்தான் விளங்குச்சு. எந்தப் படத்தை ஜனங்க அதிகமாப் பாக்கறாங்களோ அதை அந்த மெஷின் தானா முன்னால தூக்கி வெச்சுருது. வரிசை மாறிப்போச்சு. நம்பரும் மாறிப்போச்சு.

இதுக்கு உட்டுட்டா நான் சென்னியப்பன் இல்லைங்களே. எந்தப் படம் எத்தனாவதுன்னு தெரியணும், ஆனா எண்ணு எழுதக் கூடாது. ஊட்டுல ஒரு தார் பழுத்திருந்தது. முதல் படத்துல சிகாமணி காலடியில ஒரு வாழைப்பழம். ரெண்டாவதுல ரெண்டு. பத்தாவதுல பத்து. மறுபடி பூசு, மறுபடி நிறுத்து, மறுபடி எடு. அவனும் நின்னான். பழத்துல ஈ மொய்க்குது, மூக்குல வந்து உக்காருது, அசையணுமே! அடியில என்ன எழுதினேன்னா, "பழத்தையும் விரலையும் கவனிக்கவும்."

இந்தத் தடவை போன் வந்துச்சு தம்பி. ஆனா பாதிப்பேரு, "பழம் கூட வருங்களா?"ன்னு கேட்டாங்க. ஒரு அம்மா ஆப்பு வழியாவே வேற ஒரு பொம்மையை வாங்கிட்டு, "பொம்மை நன்று, பழம் வரவில்லை"ன்னு போட்டு ஒத்தை ஸ்டார் குடுத்துருச்சு.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. அந்த மெஷின் வாழைப்பழத்தைப் பாத்துட்டு நம்ம கடையைத் தூக்கிப் பழக்கடை வரிசையில வெச்சுருச்சுங்க. பழத்துக்குக் கமிஷன் கம்மியாம். ரொம்பக் கம்மியாம். வசந்தாமணி, "நல்லதாப் போச்சு, பேசாம இருங்க. இதுக்குத்தானே குதிச்சீங்க"ன்னா. நான் உடுவனா? ஒரு வாரம் சண்டை போட்டு மாத்தினேன். நான் என்ன பழ வியாபாரிங்களா? மனுசனுக்கு ஒரு மரியாதை வேணுமில்ல?

டீ குடிக்க நிறுத்தறான் போலிருக்கு. நீங்க இறங்கிட்டு வாங்க, நான் வரலை, இவனைத் தனியா உட்டுட்டு வர முடியாது. அந்தப் பின் சீட்டுப் பாப்பா அப்போ புடிச்சு இவனைக் கண்ணெடுக்காமப் பாத்துட்டே இருக்குது.

வந்துட்டீங்களா? முறுக்கு எனக்குங்களா? இருக்கட்டுங்க, எதுக்கு. சரி குடுங்க. பையில என்னங்க, எல்லாம் சட்டையா? ரெடிமேட் கடையா! கோவில்பட்டியில! அட, சொல்லவே இல்லையே. நம்ம ஆளுதான் நீங்க. அப்ப உங்களுக்கு நான் சொல்றது புரியும்.

எங்க உட்டேன்? ஆங், போன். வந்த போன்ல ஒண்ணு நாகர்கோவில்காரருது. சுயம்புலிங்கம்னு பேரு. ஓணத்துக்குப் புதுசா ஆம்பளைங்க துணிக்கடை திறக்கறாரு. "ஓய், அந்த மீசைப் பொம்மை எனக்க கடைக்கு வேணும் கேட்டீரா. கண்ணுல உயிரு இருக்கு அதுக்கு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்"னு சொல்லி, பேசி முடிக்கறதுக்குள்ள முழுப் பணத்தையும் போன்லயே போட்டுவிட்டுட்டாரு. முழுசா! எவனும் தொடாத பணம். கமிஷன் இல்ல, ஃபீஸ் இல்ல, நிலையானது இல்ல. அந்த மெசேஜைத் திறந்து திறந்து பாத்துட்டே இருந்தேனுங்க.

திருப்பிக் குடுத்திருக்கலாமேன்னு வசந்தாமணி நேத்துக் கேட்டா. நீங்களும் அதைத்தான் நினைக்கறீங்க, மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. குடுத்திருக்கலாம். ஆனா முதமுதல்ல முழுசா வந்த காசுங்க, கை வரலை.

நம்ம சாதாப் பொம்மை ஒண்ணுக்கு மீசையை வரைஞ்சு அனுப்பினேன். போன வேகத்துல திரும்பி வந்துருச்சு. "ஓய், இது அவரு இல்ல. அவரு எங்க? ஏமாத்துனா உம்ம கம்பெனிக்கு எழுதிப் போட்டுருவேன்"னாரு. எழுதினா என்ன ஆகும்? நேரா வித்தது தெரிஞ்சு கடையை மூடிருவாங்க. வசந்தாமணி பாடுபட்டுக் கட்டின கடைங்க அது. அதைக் காப்பாத்தறதுக்குத்தான், வேற எதுக்கும் இல்ல, சிகாமணிகிட்டப் பேசினேன்.

"மாப்ளே, கடை திறக்கற அன்னைக்கு ஒரே ஒரு நாள் போய் நின்னுட்டு வந்துரு."

அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "என்னையத்தான் வேணும்னு கேட்டாரா மாமா?"ன்னான். "உன்னையத்தான், வேற எதுவும் வேண்டாம்னுட்டாரு"ன்னேன். "அப்ப நான் போறேன்"னுட்டு உள்ள போய் அவனே துணிமணியை எடுத்து வெச்சுக்கிட்டான். எங்க கூப்பிட்டாலும் பத்துத் தடவை சொன்னாத்தான் அசையறவன்! அக்காகிட்ட, "டிஸ்பிளே டிரெயினிங் போறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான். அந்த இங்கிலீசு நான் சொல்லிக்குடுத்தது.

சுயம்புலிங்கம் முதல்ல ஆடிப்போயிட்டாராம். பொம்மை வரும்னு வாசல்ல நிக்கறாரு, தோள்ல பையோட ஆளு வந்து வணக்கம் சொல்லுது. ஆனா வியாபாரி வியாபாரிதானுங்க. கண்ணாடிக்குள்ள நிறுத்திப் பாத்தாரு. பாத்துட்டு எனக்குப் போன் போட்டு, "ஓய், இது பொம்மையைவிட நல்லா நிக்கி"ன்னாரு. அன்னைக்குக் கூட்டம் கட்டுக்கடங்கலையாம். பொம்மையா ஆளான்னு பந்தயம் கட்டறாங்களாம். காலேஜ் பசங்க கண்ணாடியில மூக்கை வெச்சுக்கிட்டு, சிமிட்டறானான்னு பாக்கறாங்களாம். பாத்துட்டுச் சும்மா போக முடியுமா, உள்ள போய் ஒரு சட்டையாவது எடுக்கறாங்க.

ஒரு நாளுன்னு போனவன் ஓணம் முடியற வரைக்கும் நின்னான். அப்புறம் ஆயுத பூஜை. அப்புறம் தீபாவளி. போன் போட்டா, "சரக்கு நல்லாப் போகுது மாமா"ங்கறான். என்னவோ அவன் சொந்தக் கடையாட்டம். நானும் உட்டுட்டேன். அங்க ஒருத்தன் நின்னா இங்க எனக்கு என்ன நட்டம்?

வினை எங்க வந்துச்சுன்னா, வசந்தாமணியோட சித்தப்பா மகள் குடும்பத்தோட கன்னியாகுமரி போனா. போற வழியில நாகர்கோவில்ல இறங்கித் துணி எடுத்திருக்காங்க. கண்ணாடிக்குள்ள பாத்தா சிகாமணி! கழுத்துல ஒரு அட்டை தொங்குது. அதுல விலை. அடியில "ஐம்பது சதவீதம் தள்ளுபடி"ன்னு போட்டிருக்கு. அதைப் படம் புடிச்சு நேரா என்ற பொண்டாட்டிக்கு அனுப்பிட்டா, புண்ணியவதி.

பேக்கிங் டேப்பைக் கையில வெச்சுக்கிட்டே போனைப் பாத்தவ, அப்படியே தரையில உக்காந்துட்டா. "என் தம்பிக்கு ரேட்டு மாட்டி வெச்சிருக்காங்க"ன்னு அழுகறா. "அது சட்டைக்கு அம்மணி, அவனுக்கில்ல"ன்னேன். எவ்வளவு தெளிவா எடுத்துச் சொல்றேன் பாருங்க. "பாதி விலைக்கு"ன்னு இன்னும் சத்தமா அழுகறா. "சட்டைக்குத்தாண்டி"ன்னேன். அன்னைக்கு மூடின வாய்தான்.

கூப்பிட்டா வந்துருவான்னு சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டேன். அவரு விடுவாரா? "நான் காசு குடுத்து வாங்குனதில்லா ஓய்? கிறிஸ்துமஸ் வருது. அதே மாதிரி வேற ஒண்ணு கொண்டாரும், இவரை விடுகேன்"ங்கறாரு. சரி, சிகாமணிகிட்டயே பேசலாம்னு போனை வாங்கிக் குடுக்கச் சொன்னேன்.

"வா மாப்ளே, அக்கா அழுகறா"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. நிக்கறான் போலிருக்குன்னு நினைச்சேன். அப்புறம் சொல்றான், "மாமா, எங்க போனாலும் சும்மா நிக்கறான் சும்மா நிக்கறான்னுதான் சொல்லுவாங்க. இங்க சும்மா நின்னாத்தான் சம்பளம். மத்தியானம் மீன் குழம்பு வேற. முதலாளியம்மா என் மீசைக்கு எண்ணெய் வாங்கி வெச்சிருக்காங்க. அக்காவை அழுக வேண்டாம்னு சொல்லுங்க, நான் நல்லா இருக்கேன்." ஒரே மூச்சுல இத்தனை பேசி நான் கேட்டதே இல்லைங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

இதைப் போய் வசந்தாமணிகிட்டச் சொன்னா நம்பறாளா? "இவரு சொல்லிக்குடுத்துச் சொல்றான்"னு செவுத்தைப் பாத்துச் சொல்றா, எங்கிட்ட இல்ல. அதனாலதான் இவனைச் செஞ்சேன். சிகாமணி படத்தைப் பாத்துப் பாத்து, புது அச்சுப் போட்டு, மூக்கை மூணு தடவை இடிச்சுக் கட்டி, மீசைக்கு நெசமான முடி வாங்கி ஒவ்வொண்ணா ஒட்டினது. கண்ணு மட்டும் வசந்தாமணி எழுதினது. "என் தம்பி கண்ணு எனக்குத்தான் தெரியும்"னு யாரையும் தொட விடலை. எழுதி முடிச்சுட்டு, இவன் கன்னத்துல ஒட்டியிருந்த தூசியை முந்தானையில தொடச்சுவிட்டா. இதுக்கு ஆன செலவைப் பத்திப் பேசாதீங்க. பஸ்ஸு, லாரி, முடி, மூக்கு, அதெல்லாம் செலவு. செலவு வேற, கமிஷன் வேற. இன்னைக்கு வரைக்கும் இந்த விஷயத்துல கமிஷன்னு ஒரு பைசா என்ற கையை விட்டுப் போகலை, அது நெசந்தானுங்களே?

சாத்தூர் தாண்டிருச்சா? அப்ப உங்க ஊரு வந்துருமே.

என்னங்க? விலையா? எதுக்குக் கேக்கறீங்க? சும்மா தெரிஞ்சுக்கவா? ஆப்புல பாத்தீங்கன்னா இது மாதிரிக்கு ஒரு விலை போட்டிருக்கும். அதுல கால்வாசியைத் தள்ளிருங்க, அது அவங்களுக்குப் போறது. மீதிதான் நேரா வாங்கினா.

இல்லைங்க தம்பி, இது விக்கறதுக்கில்ல. நான்தான் சொன்னேனே, இவனைக் குடுத்துத்தான் மச்சினனைக் கூட்டிட்டு வரணும். எங்கூட்டுக்காரி காத்துட்டிருக்கா. நீங்க வேணும்னா நம்பர் குறிச்சுக்குங்க, பொறகு ஒண்ணு செஞ்சு அனுப்பறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால வேணுமா? அதுக்குள்ள செய்ய முடியாதுங்களே. அச்சு இருக்குதுதான், ஆனா முடி ஒட்டறதுக்கே நாளாகும்.

ரொக்கமாவா? கையிலயே இருக்குதா? முழுசுமா?

என்ன தம்பி நீங்க, எடுத்து எண்ண ஆரம்பிச்சுட்டீங்க. பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க. இருங்க, இருங்க, ரோசனை பண்ண விடுங்க.

இப்படிப் பாருங்க. சிகாமணிக்கு வர இஷ்டமில்ல. சுயம்புலிங்கத்துக்கு அனுப்ப இஷ்டமில்ல. ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கறாங்க. நடுவுல நான் போய் இதைக் குடுத்து அதைப் பிடுங்கினா யாருக்கு லாபம்? இந்தப் பக்கம் நீங்க நேரா கேக்கறீங்க. நடுவுல ஒருத்தனும் இல்ல. நட்சத்திரம் இல்ல, விரல் இல்ல, பழம் இல்ல. ஒரு மனுசன் கேக்கறான், ஒரு மனுசன் குடுக்கறான். வியாபாரம்னா இதுதானுங்களே.

ஒரு நிமிசம், போனு. அவதான்.

சொல்லு அம்மணி... ஆமா, போயிட்டேதான் இருக்கேன்... பத்திரமா இருக்குது, மூக்கெல்லாம் நல்லா இருக்குது... என்னது, கச்சாயம் சுடறதுக்கா? இப்பவே எதுக்கு அரிசி ஊற வெச்சே?... இல்ல, ஊற வெச்சதுக்குச் சொல்லலை... அவனுக்குப் புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?... இல்லடி, சத்தம் ஒண்ணும் இல்ல, கண்டக்டரு... கோவில்பட்டி இறங்கறவங்களைக் கூப்பிடறாரு... சரி. சரி. வெச்சுடறேன்.

பேசிட்டாளுங்க. நல்லாத்தான் பேசினா, குரல்ல ஒரு சந்தோசம்.

சித்த நேரம் சும்மா இருங்க தம்பி.

...

அந்த அம்பது ரூபா நோட்டு கிழிஞ்சிருக்குது, மாத்திக் குடுத்துருங்க. ஆங். நானும் உங்களோட இங்கயே இறங்கிக்கறேன். இதுக்கு மேல நாகர்கோவில்ல எனக்கு என்ன வேலை? வசந்தாமணிக்கு என்னவாவது சொல்லிக்கலாம். கொண்டுபோன பொம்மையைக் குடுத்தாச்சு, அதுல பொய்யொண்ணும் இல்லையே.

தலைப்பக்கம் நான் பிடிச்சுக்கறேன், காலை நீங்க பிடிங்க. அய்யய்யோ, பாத்து, பாத்து! கம்பியில மூக்கை இடிக்கறீங்களே. மெதுவாத் தூக்குங்க தம்பி. எங்கூட்டுக்காரியோட உடன்பொறப்பு அது.